ஒரு வார்த்தை வெளிய வராது

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்து ஆகாதுங்க, காது அடைச்சுக்கும். அடைச்சா நான் பேசறது எனக்கே கேக்காது. நீங்களும் சேலந்தானுங்களா? நான் அங்க எறங்கிச் சென்னை வண்டி மாறோணும். நாளைக்குக் காலைல அங்க ஒரு கூட்டம். அரசாங்கத்துக் கூட்டமுங்க. என்னைக் கூப்புட்டிருக்காங்க.

எதுக்குன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். என்ற தொழில் அப்படி. மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன், லாரிப் பட்டறைங்க இருக்கற ரோட்டுல. குழந்தைவேலுன்னு கேட்டா ஆரும் காட்டுவாங்க. ஊருல ஆருக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்ங்கறது ஊருக்குத் தெரியாது. பஞ்சாயத்துத் தலைவருக்கு மூலம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியுமா? தெரியாது. அப்பேர்ப்பட்ட வாய்ங்க இது.

சரி, நீங்க இவ்வளவு கேக்கறதுனால சொல்றேன். இந்த பஸ்சுப் பாட்டுச் சத்தத்துல கேக்குதுங்களா?

போன வருசம் ஒரு புதுத் திட்டம் வந்துச்சு. சோதனைக்காக எங்க பக்கத்துல சில கடைக்கு மட்டும். எச்.ஐ.வி. வராம முன்கூட்டியே தடுக்கறதுக்கு ஒரு மாத்திரை இருக்குதுங்க. வந்தவங்களுக்கில்ல, வராதவங்களுக்கு. தினம் ஒண்ணு. அதுக்கு டாக்டர் சீட்டு வேணும், சீட்டுக்குப் பெரியாஸ்பத்திரி போகோணும், போனா ஒரு நாள் பொழப்புப் போச்சு. அதனால ஜனங்க போறதே இல்ல. இனிமேல் பயிற்சி எடுத்த மருந்துக்கடைக்காரரே ரத்தப் பரிசோதனைத் தாளைப் பாத்து, கேக்க வேண்டியதைக் கேட்டு, மாத்திரையைக் குடுக்கலாம்னு எங்களுக்கு அதிகாரம் குடுத்தாங்க. அதிகாரம்னுதான் சர்டிபிகேட்டுல போட்டிருக்குது. இத்தனை வருசத்துல எனக்கு ஊட்டுலகூட ஆரும் அதைக் குடுத்ததில்லைங்க.

எங்களுக்குப் பயிற்சி குடுத்தது மெர்சின்னு ஒரு டாக்டரம்மா. அவிய ரெண்டு விசயம் சொன்னாங்க. ஒண்ணு, கேள்வியைக் கூச்சப்படாமக் கேளுங்க, கொழம்புல உப்புச் சரியாங்கற மாதிரி சாதாரணமாக் கேளுங்கன்னாங்க. ரெண்டாவது, தனியா வெச்சுப் பேசுங்க, பேசுனது வெளிய போகக் கூடாதுன்னாங்க. எனக்கு ரெண்டாவது நெஞ்சுல தெச்சிருச்சு. மத்த கடைக்காரங்க எல்லாம் தூங்கீட்டிருந்தாங்க. நான் அப்பவே முடிவு பண்ணீட்டேன், ரகசியம்னா என்னன்னு இந்த ஜில்லாவுக்கே காட்டறேன்னு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜவுளிக்கடையைக் காலி பண்ணுனாங்க. துணி போட்டுப் பாக்கற அறைக்குத் தொங்க விடுவாங்களே திரை, அதை வாங்கியாந்தேன். பச்சைத் திரை, நடுவுல பெரிய மயிலு. கூடவே ஆளுசரக் கண்ணாடியும். கடைக்குள்ள ஒரு மூலைல அதைக் கட்டி, ரெண்டு ஸ்டூலைப் போட்டு, வெளிய போர்டு எழுதி மாட்டுனேன். ‘இரகசிய ஆலோசனை அறை’. நோயோட பேரை எழுதலீங்க, கவனிச்சீங்களா? நான் ஒண்ணும் வெவரங்கெட்டவனில்ல.

எதுத்தாப்புல அங்கமுத்தோட டீக்கடை. ரோட்டைப் பாத்துக் கெடந்த பெஞ்சை மறுநாளே என்ற கடையைப் பாத்துத் திருப்பிப் போட்டுட்டான். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் மயிலையே பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. எவனாவது திரைக்குள்ள போவானா, போனா எவன்னு பாக்கலாம்னு. அப்படி இருந்தா எவன் போவான்? எட்டிப் பாத்த ரெண்டு மூணு பசங்களும் கண்ணாடில தலையைச் சீவீட்டுப் போயிட்டாங்க.

நான் விட்டுருவனா? திரைக்குள்ள ஒருத்தன் போனாத்தானே சந்தேகம், எல்லாரும் போனா? தலைவலி மாத்திரையா, உள்ள வாங்க. பல்பொடியா, உள்ள வாங்க. எது வேணும்னாலும் திரைக்குள்ள வந்து கேட்டாத்தான் தருவேன்னுட்டேன். உள்ள வந்துட்டா எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஆளைப் பாத்துக் கேள்வியை மாத்துனா அது ஓரவஞ்சனை, டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க.

வரதராஜன்னு ஒரு வாத்தியாரு, ரிட்டயராகிப் பல வருசம் ஆச்சு. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தாரு. உள்ள உக்கார வெச்சு, “ஏனுங்க வாத்தியாரே, உங்க தொடர்பெல்லாம் ஊட்டோட சரிங்களா, வெளியவும் உண்டுங்களா?”ன்னு கேட்டேன். கொழம்புல உப்பு மாதிரித்தான் கேட்டேன். மனுசன் எந்திரிச்சுட்டாரு. குடையை ஓங்கீட்டாரு. அப்பறம் என்ன நெனச்சாரோ, மறுபடி உக்காந்து, திண்டிவனத்துல வேலை பாத்தப்ப கூட வேலை செஞ்ச ஒரு டீச்சரைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாரு. ஒண்ணும் நடக்கலீங்க, பாவம். ரெண்டு பேரும் ஒரே மரத்தடில டிபன் பாக்ஸைத் தொறந்து சாப்புட்டிருக்காங்க, அவ்வளவுதான். ஆனா சொல்லி முடிக்கறதுக்குள்ள வெளிய கூட்டம் சேந்து போச்சு. மறுநாளும் வந்தாரு. நெஞ்செரிச்சல் இல்லைங்க, சும்மாத்தான். அந்த டீச்சர் பேரு லூர்துமேரி. உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

ஆக ஊரே திரைக்குள்ள போயிட்டு வந்துச்சு, அந்த மாத்திரைக்கு மட்டும் ஒரு ஆளு வரலை. அப்பத்தானுங்க ஒரு பொண்ணு வந்துச்சு. பேரு சொல்ல மாட்டேன். மேக்கால வீதி, பால் சொசைட்டிக்கு எதுத்த ஊடு, மாடில நீலக் கலர் தண்ணித் தொட்டி இருக்கும். நூல் மில்லுக்குப் போகுது. கோகிலவாணின்னு வெச்சுக்கங்களேன். என்னத்தை வெச்சுக்கறது, அதுதான் பேரு.

அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லைங்க. புருசனுக்கு இருக்குது. சதாசிவம்னு, லாரிப் பட்டறைல வெல்டரு, தங்கமான பையன். எப்படி வந்துச்சுன்னு நானும் எத்தனையோ வெதமாக் கேட்டுப் பாத்தேன். “அது எங்க ஊட்டுச் சமாச்சாரம்ணா”ன்னு சொல்லீருச்சு. ஆஸ்பத்திரில அவனுக்கு வைத்தியம் ஆரம்பிச்சுட்டாங்க. வைத்தியம் புடிச்சு ரத்தத்துல கிருமி அடங்கற வரைக்கும் இந்தப் புள்ள தினம் இதைச் சாப்புடோணும், நாள் தவறக் கூடாது. பெரியாஸ்பத்திரிக்கு நடந்துட்டே இருந்தா மில்லுல வேலையை விட்டுத் தூக்கீருவாங்க. பரிசோதனைத் தாளு எல்லாம் பக்காவா இருந்துச்சு. எதைக் கேட்டாலும் டக்கு டக்குன்னு பதில். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பறம் எட்டு மணிக்குச் சாப்புடறேன், நேரம் மாறாதுன்னுச்சு.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிச்சு. மாமியாக்காரிக்குத் தெரியக் கூடாது. செல்லாயின்னு பேரு, நெஞ்சு பலமில்லாத பொம்பளை. மவனுக்கு இப்படின்னு தெரிஞ்சா தாங்காது, அவிய ரெண்டு பேருமா மெதுவாச் சொல்லிக்குவாங்கன்னு சொல்லீட்டு, “சத்து மாத்திரை மாதிரி ஒரு சாதாக் கவர்ல போட்டுக் குடுங்கண்ணா, போதும்”ன்னுச்சு.

சாதாக் கவராமுங்க. ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. நாங்க நாப்கினையே பேப்பர்ல சுத்தி, அதைக் கறுப்புக் கவர்ல போட்டு, அதுக்கு முடிச்சுப் போட்டுக் குடுக்கறவங்க. கறுப்புக் கவர்ல போனா நாப்கின்னு ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியும், அது வேற விசயம். ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல? நாப்கினுக்கே அவ்வளவுன்னா இதுக்கு எவ்வளவு?

ராத்திரி பூரா ரோசனை பண்ணுனேன். ஊட்டுக்காரிகிட்டவும் கேட்டேன். அவகிட்ட எல்லாத்தையும் சொல்லீருவேனுங்க, அவ வேற நான் வேறயா? இப்படி இப்படி, கோகிலவாணிக்கு, இன்ன மாத்திரை, எதுல வெச்சுக் குடுக்கறதுன்னு. அவளுக்குத் தெரியலை. அங்கமுத்துகிட்டவும் கேட்டேன், சும்மா ஒரு பொதுவான சந்தேகமா, மேக்கால வீதின்னு மட்டும் சொல்லி. அவனுக்கும் தெரியலை. கடைசீல எனக்கேதான் பொறி தட்டுச்சு.

ஸ்வீட் பாக்ஸ்.

மைசூர்பாகு போட்டுத் தருவாங்களே அரைக்கிலோ டப்பா, மேல தங்கக் கலர்ல பூப்போட்டு. அதுக்குள்ள மாத்திரை டப்பாவை வெச்சு, அசையாம இருக்கப் பஞ்சு வெச்சு, ரிப்பன் கட்டிக் குடுத்தேன். மருந்துன்னு எவன் நெனப்பான்? அந்தப் புள்ள கையில வாங்கிக்கிட்டு அதையே பாத்துட்டு நின்னுச்சு. “அண்ணா, கவரே போதும்ணா”ன்னுச்சு. கூச்சப்படாதம்மிணி, டப்பாவுக்குக் காசு வேண்டாம்னு சொல்லி அனுப்புனேன்.

இப்ப என்னைத் தப்புச் சொல்றாங்க. நீங்களே ஞாயம் சொல்லுங்க. மருந்துக் கவரை ஊட்டுல ஆரும் தொட மாட்டாங்களாம், ஸ்வீட் பாக்ஸை எல்லாரும் தொறப்பாங்களாம். அடுத்தவங்க ஸ்வீட் பாக்ஸைத் தொறக்கறது ஆரு தப்பு? நானா தொறந்தேன்? அந்தப் புள்ள பீரோவுல துணிக்கு அடீல வெச்சிருக்குது. செல்லாயி ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்காங்க. டீயோட வெக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு தேடிட்டிருந்தவ, மருமவ ஒளிச்சு வெச்சுத் திங்கறாளேன்னு ஆத்தரமா எடுத்தாந்து சபைல வெச்சு ரிப்பனை அவுத்திருக்கா. பஞ்சும் மாத்திரையும். ஒறம்பரை முன்னால மானம் போச்சுன்னு டப்பாவைத் தூக்கீட்டு நேரா என்ற கடைக்கு வந்துட்டா.

வந்தவ நல்லாத்தான் கேட்டா. மைசூர்பாகு டப்பாவுல மருந்து இருக்குது, உன்ற கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது, இது என்ன மருந்துன்னு. வேற ஆராவதா இருந்தா சத்து மாத்திரைன்னு சொல்லியிருப்பான். நான் பொய் சொல்ல மாட்டேன். அதே சமயத்துல ரகசியத்தையும் விட மாட்டேன். நெஞ்சை நிமித்தீட்டுச் சொன்னேன்.

“இங்க பாருங்க, என்னைக் கொன்னு போட்டாலும் அது என்ன மருந்துன்னு சொல்ல மாட்டேன். உங்க மவனைப் பத்தி என்ற வாயில இருந்து ஒரு வார்த்தை வெளிய வராது.”



“நான் என்ற மவனைப் பத்திக் கேக்கலியே”ன்னா செல்லாயி.

“கேட்டாலும் வராது”ன்னேன்.

அந்த வாசப்படிலயே உக்காந்துட்டா. தண்ணி குடுத்தேன், வாங்கலை. டப்பாவைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. எனக்கு மனசுக்குள்ள பெருமையா இருந்துச்சுங்க. எத்தனை பேரு இந்த மாதிரி நேரத்துல வழுக்கி விழுந்திருப்பான்.

பாட்டை எதுக்கு நிறுத்தீட்டாங்க? பரவால்ல, பேசறதுக்கு வசதி.

அன்னைக்குச் சாயங்காலம் மில்லு விட்டு வர்ற நேரம். கடை முன்னால நெரிசல். கோகிலவாணி வந்துச்சு. மொகம் வீங்கி இருந்துச்சு, அழுதிருக்கும்னு நெனைக்கறேன். நான் கண்ணைக் காட்டுனேன், திரைக்குள்ள போன்னு. உள்ள வாத்தியாரு உக்காந்திருந்தாரு, லூர்துமேரியோட மாறுதல் உத்தரவு வந்த கட்டத்துல இருந்தாரு, எழுப்ப முடியலை. அப்பறம் வாம்மிணின்னு கையைக் காட்டுனேன். அது நகரலீங்க. அத்தனை சனத்துக்கு நடுவுல நின்னுட்டு, தலைவலி மாத்திரை கேக்கற மாதிரி கேட்டுச்சு.

“அண்ணா, எச்.ஐ.வி. வராம இருக்கறதுக்கு நான் சாப்புடற மாத்திரை. எங்கத்தை இங்க போட்டுட்டு வந்திருச்சு. எடுத்துக் குடுங்க. எட்டு மணிக்கு நான் சாப்புடோணும்.”

ரகசியம், ரகசியம்னு வெரலை வாயில வெச்சுக் காட்டறேன். “நீங்க குடுங்கண்ணா, பஸ்சு போயிரும்”ங்குது. மாமியா ஊட்டுல இருக்க முடியாம அம்மா ஊட்டுக்குக் கெளம்பியிருந்துச்சாம், அப்பறந்தான் தெரிஞ்சுது. மருமவகிட்டக் கேட்டு வெசயம் தெரிஞ்சதும், மவன் கெட்டதுக்கு நீதான் காரணம்னு செல்லாயி மாத்திப் பேசியிருக்கா. நான் டப்பாவை எடுத்து நீட்டுனேன். ஸ்வீட் பாக்ஸைப் பிரிச்சு என்ற மேசைலயே வெச்சுட்டு, மாத்திரையை மட்டும் எடுத்துக் கைப்பையில போட்டுக்கிச்சு. பின்னால நின்ன மில்லுப் பொம்பளை ஒருத்தி, இந்த மாத்திரை நம்ம கடைலயே கெடைக்குதான்னு அதுகிட்டக் கேட்டா. கெடைக்குதுன்னு இது சொல்லுச்சு. அப்படியா கண்ணு, சரி நவுரு, எனக்கு மூட்டுவலித் தைலம் வாங்கோணும்னா. அவ்வளவுதானுங்க. வானம் இடிஞ்சு விழலை. இடிஞ்சு போனது நான்தான். மயில் திரை, கண்ணாடி, போர்டு, டப்பா, இத்தனையும் நான் ஆருக்காகப் பண்ணுனேன்? எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

அப்பறம் சதாசிவம் அம்மா ஊட்டுக்கே போயி அதைக் கூட்டியாந்துட்டான். ஆத்தாகிட்ட, எனக்குத்தாம்மா வந்துச்சு, அவ என்னை விட்டுட்டுப் போகாம மாத்திரை தின்னுட்டுக் கூட இருக்கறான்னு சொல்லியிருக்கான். செல்லாயி ரெண்டு மூணு நாளு சாப்புடலை. அதுக்கப்பறம் அவளே எட்டு மணியாச்சு, தின்னியா தின்னியான்னு மருமவளைக் கேக்கறாளாம். இதெல்லாம் எனக்கு அங்கமுத்து சொன்னது. என்கிட்ட ஒருத்தரும் வந்து சொல்லலை. அதுலயும் பாருங்க, இந்த ஸ்வீட் பாக்ஸ் விசயத்துக்காக நன்றின்னு ஒரு வார்த்தை?

இப்ப வேற சில பேரும் வர்றாங்க. எவனும் திரைப்பக்கம் எட்டிப் பாக்கறதில்லை. ஒரு பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம, அண்ணா அந்தத் தடுப்பு மாத்திரைங்கறான். உள்ள போப்பான்னா, எதுக்குங்கறான். சாதாக் கவர்ல வாங்கீட்டுப் போறாங்க. டீக்கடைக்காரன் பெஞ்சை மறுபடி ரோட்டைப் பாத்துத் திருப்பீட்டான். திரைக்குள்ள வாத்தியாரு மட்டும் இருக்காரு.

இந்தச் சமயத்துலதான் போன வாரம் டாக்டரம்மா கிட்ட இருந்து போனு. ஆரோ சொல்லியிருக்காங்க. “குழந்தைவேலு, நீங்க கடைல ரகசியத்தை எப்படிக் காப்பாத்தறீங்கன்னு நேர்ல வந்து விளக்கோணும், அதிகாரிங்க எல்லாரும் இருப்பாங்க”ன்னாங்க. குரல் ஒரு மாதிரி இறுக்கமா இருந்துச்சு. நம்மளை நெனச்சு நெகிழ்ந்திருப்பாங்க. கண்டிப்பாச் சால்வை இருக்கும்னு ஊட்டுக்காரி சொல்றா. அதுக்குத்தான் இந்த வெள்ளைச் சட்டை. மேல இருக்கற மூட்டைல மயில் திரையைக் கொண்டாந்திருக்கேன், மேடைல கட்டிக் காட்டறதுக்கு. மத்த ஜில்லாக்காரங்களும் கத்துக்கோணுமில்ல?

ரகசியம்னா எப்படி இருக்கோணும்னு உங்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன் பாருங்க. கோகிலவாணிக்கு மாத்திரை நேத்து ராத்திரியோட தீந்து போச்சு. புது டப்பா இன்னைக்குக் காலைலதான் பார்சல்ல வந்துச்சு. சாயங்காலம் மில்லு விட்டதும் வா, தர்றேன்னு முந்தியே சொல்லி வெச்சிருந்தேன். ஆனா நான் இல்லாம கடையைத் தொறக்க முடியாது. அடைச்சுப் பூட்டியாச்சு. மாத்திரையை ஆருகிட்டக் குடுத்துட்டு வர்றது? ஊட்டுக்காரிகிட்டக் குடுக்கலாம், ஆனா அவளுக்கு வாய் நிக்காது. அங்கமுத்துகிட்டக் குடுத்தா ஊரே சிரிக்கும். வேற வழி? பத்தரமா நானே கொண்டாந்துட்டேன். இங்க பாருங்க, பனியன் பாக்கெட்டுல. தொட்டுப் பாருங்க. எந்தத் திருடனுக்கும் தெரியாது. நாளன்னைக்கு ஊருக்கு வந்ததும் அந்தப் புள்ளை கையில குடுத்துருவேன். நாள் தவறக் கூடாதுதான். ஆனா ரகசியம் போச்சுன்னா திரும்ப வருமா?

ஏனுங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? சேலம் இன்னும் வரலை. இப்பத்தான் மல்லூர்.

கண்டக்டரு எதுக்கு விசிலு அடிக்கறாரு? மூட்டையை எதுக்குங்க எறக்கறீங்க, அது என்ற மூட்டை. அட, பின் சீட்டுக்காரங்களெல்லாம் எதுக்கு எந்திரிச்சு நிக்கறாங்க? தம்பி, கையை விடு, நானே நடப்பேன். டிரைவரு வேற எறங்கிப் போயி அந்தப் பக்கம் எங்க ஊருக்குத் திரும்பிப் போற நாமக்கல் வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தறாரே. எனக்குச் சென்னைல கூட்டமுங்க. சால்வைங்க.

முன் சீட்டு அம்மா என்ன கத்துது? எட்டு மணிக்குள்ள அந்தப் புள்ளை கையில போயிச் சேரோணும்னா?

ஏனுங்க, எட்டு மணின்னு அந்தம்மாவுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? நான் உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்?